தேர்வறையில் தமிழ்: வாசித்துக் காட்டுபவரும் எழுதித் தருபவரும்



இத்தொடரில் இலக்கியம் பற்றியும் இலக்கணம் பற்றியும் பலர் பேசியிருக்கிறார்கள். நான் தேர்வறையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நாற்காலியை எங்கே போடுவது, மணியை எப்போது அடிப்பது என்பவையெல்லாம் பள்ளி அலுவலகத்துக்கு உரிய செய்திகள். மொழியியல் படித்தவருக்கு அங்கே என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு மாணவர் தமிழ்த் தேர்வு எழுதும்போது வினாத்தாளை இன்னொருவர் வாசித்துக் காட்டினாலோ, அவர் சொல்லும் விடையை இன்னொருவர் எழுதித் தந்தாலோ, அந்தச் சிறிய அறைக்குள் நடப்பது முழுவதும் மொழியியல்தான். அதை அவ்வாறு அறியாமலேயே நடத்திக்கொண்டிருக்கிறோம் என்பதே என் கவலை.

முதலில் பொருளை வரையறுத்துக்கொள்வோம். எழுத்துகளைக் கூட்டி வாசிப்பதில் இடர்ப்படும் டிஸ்லெக்சியா மாணவர்கள், பார்வைக் குறைவு உள்ளவர்கள், கையால் எழுத இயலாதவர்கள், கவனம் சிதறுபவர்கள், இரைச்சலைத் தாங்க முடியாதவர்கள் ஆகியோர் மற்றவர்களோடு தேர்வு எழுதுவதற்காகச் செய்யப்படுபவற்றைத் தேர்வு அணுகல் ஏற்பாடுகள் என்கிறோம். கூடுதல் நேரம், தனியறை, பெரிய எழுத்தில் அச்சிட்ட வினாத்தாள், கணினியில் தட்டச்சு, வாசித்துக் காட்டுபவர், எழுதித் தருபவர் ஆகியவை அவற்றுள் அடங்கும். சிங்கப்பூரில் தேசியத் தேர்வுகளுக்குப் பள்ளி வழியாகத் தேர்வு மதிப்பீட்டுக் கழகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவரோ உளவியலாளரோ தந்த அறிக்கையை இணைக்க வேண்டும். எவருக்கு எந்த ஏற்பாடு என்பதைக் கழகம் முடிவுசெய்யும். அவ்விதிகளை விளக்குவது என் நோக்கமன்று. பள்ளி அளவில் நடக்கும் தேர்வுகளையும், வகுப்பறையில் அவற்றுக்காகச் செய்யப்படும் ஆயத்தத்தையும் சேர்த்தே பேசுகிறேன். ‘அணுகல் ஏற்பாடு’ என்னும் தொடர் எனக்கு அவ்வளவாக உவப்பில்லை. மொழிபெயர்ப்பு வாடை வீசுகிறது. ஆயினும் வழக்கில் வந்துவிட்டது, இருக்கட்டும்.

இவ்வேற்பாடுகளின் அடிப்படை நெறி ஒன்றுதான். தேர்வு எதை அளக்க வந்ததோ அதனை விட்டுக்கொடுக்கக் கூடாது. அளக்க வராத ஒன்று மாணவரை வழிமறிக்கவும் கூடாது. கணிதத்தில் இது எளிது. வாய்பாட்டுக் கணக்கை யாரேனும் வாசித்துக் காட்டினால் கணக்கின் கடுமை ஒரு துளியும் குறையாது. மொழிப்பாடத்திலோ, அளக்க வந்த பொருளும் மாணவருக்குத் தடையாக நிற்கும் பொருளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எங்கே வெட்டுவது?

ஆங்கிலத்துக்கு இக்கேள்வியைக் கேட்டு விடை கண்டிருக்கிறார்கள். பிரிட்டனில் வழங்கும் விதிகளின்படி, வாசிக்கும் திறனையே சோதிக்கும் ஆங்கிலப் பகுதியை மனிதர் எவரும் வாசித்துக் காட்டக்கூடாது. விடையை வேறொருவர் எழுதித் தந்தால், எழுத்துக்கூட்டலுக்கு உரிய மதிப்பெண் கிடைக்க வேண்டுமாயின் மாணவர் அச்சொற்களை எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்க வேண்டும். தெளிவான விதிகள். ஆங்கிலத்தில் சொல்லுக்கும் எழுத்துக்கூட்டலுக்கும் இடையில்தான் பெரும்பள்ளம். பேசும் வாக்கியமும் எழுதும் வாக்கியமும் இலக்கணத்தில் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே காவலாளை எழுத்துக்கூட்டலின் வாசலில் நிறுத்தினார்கள்.

தமிழில் நிலைமை தலைகீழ். நம் எழுத்து ஒலிக்கு நெருக்கமானது. ஒரு சொல்லை எழுத்துத்தமிழில் ஒழுங்காக ஒலித்துவிட்டால் எழுதுவதில் பாதி முடிந்துவிடும். பள்ளம் இருப்பது பேச்சு வடிவத்துக்கும் எழுத்து வடிவத்துக்கும் இடையில். ஆங்கிலத்துக்கு அமைத்த காவலை அப்படியே கொண்டுவந்து தமிழ்த் தேர்வறையின் வாசலில் வைத்தால், திருட்டுப்போகும் வழி வேறாகவும் காவல் நிற்கும் வழி வேறாகவும் அமைந்துவிடும். நான் இன்று சொல்ல வந்தது இதுதான். மற்றவையெல்லாம் இதன் விரிவு.

அறையிலிருந்தே தொடங்குகிறேன். தாய்மொழித் தேர்வு நாளன்று சீனம், மலாய், தமிழ் மூன்றும் ஒரே காலையில் நடக்கின்றன. ஒரு பள்ளியில் தனியறை வேண்டும் மாணவர் பத்துப்பேர் இருந்தால், அவர்களுள் தமிழ் எழுதுபவர் ஒருவராக இருக்கலாம். அந்த ஒருவரை மற்ற ஒன்பது பேரோடு உட்காரவைத்துவிடுவது அட்டவணை போடுபவருக்கு வசதி. கூடுதல் நேரம் மட்டுமே வேண்டும் மாணவர் என்றால் அதனால் குறை ஒன்றுமில்லை. வாசித்துக் காட்டுபவரோ எழுதித் தருபவரோ உடன் இருந்தால் அம்மாணவருக்கு முழுத் தனியறை வேண்டும். அவர்கள் குரல் பிறருக்குத் தொல்லை என்பது ஒரு காரணம். தன் குரல் பிறர் காதில் விழுகிறது என்ற கூச்சத்தில் மாணவர் வாயே திறக்கமாட்டார் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

கூடுதல் நேரத்துக்கு ஒரு தனித் துன்பம் உண்டு. மண்டபத்தில் எழுதுபவர்களுக்குத் தேர்வு முடியும் நொடியில்தான் இவருக்குக் கூடுதல் நேரம் தொடங்குகிறது. அந்நேரம் பார்த்து நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். நடைவழியில் விடைகளை ஒப்பிட்டுக் கூச்சலிடுகிறார்கள். உணவகத்தில் நாற்காலிகள் இழுபடுகின்றன. கட்டுரையின் இறுதிப் பத்தியை எழுதும் நேரம் அது. ஏட்டில் கொடுத்த நேரத்தை இரைச்சல் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது. மண்டபத்திலிருந்து தொலைவில், படிக்கட்டுக்கும் மணிக்கும் இசையறைக்கும் அருகில் இல்லாத ஓர் அறை, முடிந்தால் கழிவறைக்குக் கிட்டத்தில். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. முதல் நாள் பிற்பகல் அம்மாணவரை அவ்வறைக்கு அழைத்துச் சென்று காட்டிவிட்டால் மறுநாள் காலையில் பாதிப் பதற்றம் குறையும்.

அந்த அறையின் கண்காணிப்பாளருக்குத் தமிழ் தெரிய வேண்டுமா? தெரியாவிட்டாலும் விடைத்தாள்களை எண்ணி வாங்கிவிடலாம். ஆனால் எழுதித் தருபவரும் மாணவரும் தமிழில் பேசிக்கொள்ளும்போது, அவர் சொன்னதை இவர் எழுதுகிறாரா, இவர் சொல்லிக்கொடுத்து அவர் திருப்பிச் சொல்கிறாரா என்பது தமிழ் அறியாத கண்காணிப்பாளருக்கு எப்படித் தெரியும்? அந்தக் கண்காணிப்பு வெறும் சடங்கு. ஒரு பள்ளியில் இரண்டு மூன்று தமிழாசிரியர்களே இருப்பது இங்கு வழக்கம். அவர்களுக்கும் அன்று வேறு கடமைகள் இருக்கும். தன் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாமையால் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற வேறோர் இடத்துக்குச் சென்று தமிழ் கற்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அப்பிள்ளையின் உளவியலாளர் அறிக்கை ஒரு கட்டடத்தில், அவரது தமிழை அறிந்த ஆசிரியர் இன்னொரு கட்டடத்தில். இரண்டையும் இணைக்கும் பொறுப்பு யாருடையது என்று பெயரிட்டு எழுதிவைக்காவிட்டால் அது எவருடையதும் ஆகாது.

இனி வாசித்துக் காட்டுபவர். ‘இருப்பதை இருப்பதுபோல் வாசியுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள்’ என்று அவருக்கு அறிவுறுத்துகிறோம். தமிழில் இருப்பதை இருப்பதுபோல் வாசிப்பது அவ்வளவு எளிதா? கதை என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி சொல்வதும் கதை, பீமன் தோளில் கிடப்பதும் கதை. எழுத்து ஒன்றே, முதலெழுத்தை வல்லொலியாகவோ மெல்லிய ஒலியாகவோ வாசிக்கும்போது பொருள் வெளிப்பட்டுவிடுகிறது. பாவம் என்பதும் அவ்வாறே. எழுத்தில் மறைந்திருப்பதைக் குரல் காட்டிக்கொடுக்கிறது. நிறுத்தமும் அப்படித்தான். நன்னூல் பொதுமொழி என்று ஒரு வகையைச் சொல்லும். தாமரை என்று ஒருசேர ஒலித்தால் பூ. தா என்று சிறிது நிறுத்தி மரை என்றால் தாவுகின்ற மான். நெடிய சொற்களை எங்கே பிரித்து மூச்சு விடுவது என்பதில் வாசிப்பவரின் பொருளறிவு கலந்துவிடுகிறது. மாணவர் தாமே செய்ய வேண்டிய பிரிப்பு அவர் செய்யாமலேயே முடிந்துவிடுகிறது.

இதற்கு மறுபுறமும் உண்டு. குரல் காட்ட முடியாதவற்றை எழுத்து காட்டுகிறது. ஒலிவேறுபாட்டுச் சொற்கள் என்று நம் வகுப்புகளில் பயிற்சி தருகிறோம்: அரம், அறம், பனி, பணி, கலை, களை, கழை. இன்றைய பேச்சில் பெரும்பாலோர்க்கு ர, ற இரண்டும் ஒன்றே. ந, ன அப்படியே. ழகரத்தை ளகரமாக ஒலிப்பவர் நம்மிடையே ஏராளம். அப்படிப்பட்ட ஒருவர் இவ்வினாவை வாசித்துக் காட்டினால் களை, கழை இரண்டும் ஒரே ஒலியாகக் கேட்கும். மாணவருக்கு வினா இருக்கிறதா இல்லையா என்பதே விளங்காது. ழகரத்தைத் திருத்தமாக ஒலிப்பவர் வாசித்தால் விடையே வெளிப்பட்டுவிடும். ஒருவர் வாசித்தால் அநீதி, இன்னொருவர் வாசித்தால் சலுகை. எவர் வாசிக்கிறார் என்பதைப் பொறுத்து மதிப்பெண் மாறினால் அது தேர்வாகுமா? இத்தகைய வினாக்களை வாசித்துக் காட்டும் ஏற்பாட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. அவற்றைப் பெரிய எழுத்தில், அகன்ற இடைவெளியுடன், ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று வினாக்களாக அச்சிட்டுத் தருவதே சரி என்பது என் கருத்து.

பிழைதிருத்தப் பயிற்சியில் நடப்பது இன்னும் வேடிக்கை. ‘மாணவர்கள் ஓடி வந்தான்’ என்று வினாத்தாளில் வேண்டுமென்றே பிழையாக அச்சிட்டிருப்பார்கள். சரளமாக வாசிக்கும் தமிழர் ஒருவர் அதை ‘வந்தார்கள்’ என்றே வாசித்துவிடுவார். அவர் ஏமாற்றவில்லை, அவருடைய கண் திருத்திவிட்டது. நல்ல வாசகர் என்பதாலேயே அவர் இவ்வேலைக்கு ஆகாதவர் ஆகிவிடுகிறார். மெய்ப்புத் திருத்துபவர்களுக்கு இந்தப் பழக்கம் தெரியும். எழுத்தை எழுத்தாகப் பார்க்கத் தனியே பழக வேண்டும்.

மாணவருக்கு விளங்காதபோது ‘இன்னொரு முறை வாசியுங்கள்’ என்பார். முதல் முறை ‘அவன் புறப்பட்டுவிட்டான்’ என்று வாசித்தவர், இரண்டாம் முறை பரிவோடு ‘அவன் பொறப்பட்டுட்டான்’ என்பார். சொல் ஒன்றையும் மாற்றவில்லை என்று உறுதியாக நம்புவார். உண்மையில் அவர் எழுத்துத்தமிழைப் பேச்சுத்தமிழாகப் பெயர்த்துவிட்டார். அது விளக்கம் சொன்னதற்கு ஒப்பு. ஆங்கிலத்தில் ஒருவர் வாக்கியத்தை மாற்றிச் சொன்னால் உடனே தெரிந்துவிடும். தமிழில் இம்மாற்றம் மூச்சுவிடுவதுபோல் இயல்பாக நடப்பதால், சொன்னவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது.

எழுதித் தருபவர் நிலை இதைவிடச் சிக்கலானது. பயிற்சி அமர்வொன்றில் தொடக்கநிலை மாணவர் ஒருவர் கட்டுரை சொல்லக் கேட்டேன். அவர் சொன்ன இரண்டு வாக்கியங்கள் இவை: ‘நேத்து எங்க வீட்டுக்கு மாமா வந்தாங்க. எனக்கு ஒரு பொம்ம வாங்கிட்டு வந்தாங்க.’ எழுதித் தருபவர் எழுதியது: ‘நேற்று எங்கள் வீட்டிற்கு மாமா வந்தார். எனக்கு ஒரு பொம்மை வாங்கிக்கொண்டு வந்தார்.’ இருவரும் நேர்மையானவர்கள். இரண்டு வாக்கியங்களும் நல்ல வாக்கியங்கள். ஆனால் இவற்றுக்கிடையே எத்தனை முடிவுகள் எடுக்கப்பட்டன என்று எண்ணிப் பாருங்கள். நேத்து நேற்று ஆயிற்று. எங்க எங்கள் ஆயிற்று. வீட்டுக்கு என்பதே எழுத்துத்தமிழிலும் சரி; இருந்தும் அது வீட்டிற்கு ஆயிற்று. வந்தாங்க என்பது வந்தார் ஆகலாம், வந்தார்கள் ஆகலாம்; ஒன்றை எழுதியவர் தேர்ந்தெடுத்தார். வாங்கிட்டு என்பது வாங்கிவிட்டு ஆகலாம், வாங்கிக்கொண்டு ஆகலாம். பேச்சில் மயங்கிக் கிடக்கும் இரண்டு துணைவினைகளை எழுத்துத்தமிழ் பிரித்துவைத்திருக்கிறது. அந்தப் பிரிவை அறிந்திருப்பதுதான் எழுத்துத்தமிழ் அறிவு. அதைக் காட்டியவர் மாணவர் அல்லர்.

அப்படியானால் சொன்னதைச் சொன்னபடியே எழுதிவிடலாமா? ‘நேத்து’ என்று எழுதினால் திருத்துபவர் சிவப்பு மை இடுவார். கையால் எழுதக்கூடிய வேறொரு பிள்ளை, மனத்தில் ‘நேத்து’ என்று நினைத்தாலும் தாளில் ‘நேற்று’ என்று எழுதுகிறது. பேச்சிலிருந்து எழுத்துக்குக் கடக்கும் வேலையை விரல் நுனியில் செய்துமுடிக்கிறது. எழுத இயலாத பிள்ளைக்கு அந்த விரல் நுனி இல்லை. சொன்னபடி எழுதினால் அந்தப் பிள்ளைக்கு அநீதி. மாற்றி எழுதினால் மற்றப் பிள்ளைகளுக்கு அநீதி.

இந்த முடிச்சை அவிழ்க்க எனக்குத் தோன்றும் வழியைச் சொல்கிறேன். பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாடுகள் எல்லாம் ஒரே தன்மையானவை அல்ல. சில வெறும் ஒலிப்பு வேறுபாடுகள். பொம்ம, பொம்மை, மல, மலை, சொல்லின் இறுதியில் மூக்கொலியாகத் தேய்ந்துபோகும் மகரமும் னகரமும். இவற்றை எழுதித் தருபவர் தாமே எழுத்து வழக்கில் எழுதலாம். எந்தத் தமிழரும் பொம்மை என்பதை அப்படியே எழுத்துப்பட ஒலிப்பதில்லை. மாணவரிடம் அதை எதிர்பார்ப்பது வீண். இன்னும் சில, சொல்லின் உருவ வேறுபாடுகள். வந்தாங்க, வந்தார்கள்; போறேன், போகிறேன்; வாங்கிட்டு, வாங்கிக்கொண்டு. இவற்றை மாணவரே எழுத்துத்தமிழில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சொன்னபடிதான் எழுதப்பட வேண்டும். ரொம்ப என்பதற்கு மிகவும் என்று எழுதுவது போன்ற சொற்றேர்வில் எழுதித் தருபவர் கை வைக்கவே கூடாது. எல்லைக்கோட்டில் நிற்கும் சில வடிவங்கள் இருக்கும். நேத்து அவற்றுள் ஒன்று. ஒலிப்பு வேறுபாடா, உருவ வேறுபாடா? நான் ஒலிப்பு என்பேன். மறுப்பவர் இந்த அவையிலேயே இருக்கலாம். ஒரு பட்டியலாக முன்கூட்டியே எழுதி அச்சிட்டுவிட்டால் தேர்வு நாளில் எவரும் நின்று யோசிக்க வேண்டியதில்லை.

வல்லினம் மிகுதலைப் பற்றி ஒன்று. ‘பள்ளிக்குப் போனான்’ என்பதில் அந்தப் பகர மெய்யை எழுதித் தருபவர் இட்டால் மாணவருக்குத் தெரிந்ததாகிவிடும், இடாவிட்டால் தெரியாததாகிவிடும். ‘ப் போடுங்கள்’ என்று ஒவ்வோரிடத்திலும் மாணவர் சொல்ல வேண்டும் என்பது பிரிட்டிஷ் விதியின் நகல். அது கட்டுரையின் ஓட்டத்தையே கொன்றுவிடும். இப்படி எழுதப்பட்ட தாள்களில் சந்திப்பிழையை மதிப்பிடாமல் விட்டுவிடுவதே நேர்மை.

மாணவரே எழுத்துத்தமிழில் சொல்ல வேண்டும் என்றேன். இது யாரும் அன்றாடம் செய்யாத செயல். வாய்மொழித் தேர்வில் நாம் அவரிடம் பேச்சுத்தமிழைக் கேட்கிறோம். 2005ஆம் ஆண்டின் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பேச்சுத்தமிழுக்கு இந்நாட்டு வகுப்பறையில் உரிய இடம் கிடைத்தது. அது நல்ல முடிவு என்பதில் எனக்கு ஐயமில்லை. அதே மாணவர் எழுத்துத்தாளுக்கு வந்து உட்கார்ந்து, வாயால் பேசியபடியே, பேச்சை விட்டு எழுத்துநடைக்கு மாற வேண்டும். பழக்கமில்லாமல் எவராலும் இயலாது. பேராசிரியர்களையே சோதித்துப் பார்க்கலாம். ஐந்து நிமிடம் எழுத்துநடையில் ஒரு கடிதத்தை வாயால் சொல்லச் சொல்லுங்கள், மூன்றாவது வாக்கியத்தில் ‘வந்துட்டு’ நுழைந்துவிடும்.

ஆனால் பழகினால் வரும். நம் மரபில் இதற்குக் குறைவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுள்களை வாயால் சொல்லிக்கொண்டே போக, மாணவர்கள் ஏட்டில் எழுதிய வழக்கத்தை உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் விரிவாகச் சொல்கிறார். கண்பார்வையற்ற அந்தகக்கவி வீரராகவ முதலியார் பாடியவற்றை எழுதியவை பிறர் கைகளே. அந்நூல்களை எழுத்தாணி பிடித்தவருடையவை என்று எவரும் சொன்னதில்லை. ‘தானே எழுதாத கட்டுரைக்கு எப்படி மதிப்பெண் தருவது’ என்று கேட்கும் தமிழாசிரியர்களிடம் நான் இதைத்தான் சொல்வது வழக்கம். சொல்லி எழுதுவிப்பது குறுக்குவழி அன்று, தனித் திறன். தேர்வுக்கு மூன்று மாதத்துக்குமுன் தொடங்கினால் வராது. தொடக்கநிலை மூன்றிலோ நான்கிலோ, வாரம் ஒரு பத்தியேனும் ஒருவர் சொல்ல ஒருவர் எழுதிப் பழக வேண்டும்.

தட்டச்சு செய்தால் இந்தச் சிக்கல்கள் தீருமே என்பீர்கள். ஓரளவு தீரும். எந்த விசைப்பலகை என்ற கேள்வி உடனே எழும். 1997இல் தமிழ்நெட் மாநாடு இந்நகரில்தான் நடந்தது. 1999இல் சென்னையில் தமிழ் 99 விசைப்பலகை முடிவாயிற்று. அதில் க, க என்று இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். ந, த என்று அடுத்தடுத்துத் தட்டினாலும் ந்த என்றே வரும். விசைப்பலகை சிறிது எழுத்திலக்கணம் அறிந்திருக்கிறது. இதை உதவி என்று கருதுவதா, கருவியின் இயல்பு என்று கருதுவதா? நான் இரண்டாவதையே கொள்வேன். பேனாவின் முனை கூர்மையாக இருப்பதைச் சலுகை என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் சொல்லை முன்கூட்டிக் காட்டும் வசதியை அணைத்துத்தான் ஆக வேண்டும். ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் வருவிக்கும் முறையைப் பலர் எளிது என்கிறார்கள். டிஸ்லெக்சியா மாணவருக்கு அது இரட்டைச் சுமை: ஆங்கிலத்தின் சிறிய எல் லகரம், பெரிய எல் ளகரம் என்று ஒரு மொழியின் எழுத்தை இன்னொரு மொழியின் எழுத்தால் நினைக்க வேண்டும். அவர் எந்த எழுத்தோடு மல்லாடுகிறாரோ அதையே வழியாக்கித் தருகிறோம்.

வினாத்தாளின் அச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல எழுத்துருக்களில் ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு அடியில் உள்ள ஒரு சிறு சாய்கோடுதான். ஔகாரத்தையும், ஒகரத்தை அடுத்து ளகரம் வருவதையும் கண்ணால் பிரிக்க முடிவதில்லை. ஏ4 தாளை நகலெடுக்கும் பொறியில் ஏ3 ஆக்கினால் எழுத்து பெரிதாகும், புள்ளி மங்கிப்போகும். புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. வாசிக்கத் தடுமாறும் பிள்ளை அங்கேதான் முதலில் இடறுகிறது. 1951இல் உருவான பாரதி பிரெயிலில் இந்தத் தொல்லை இல்லை. உயிரொலி மெய்க்குப் பின்னால் ஒலிக்கும் வரிசையிலேயே விரலுக்குக் கிடைக்கிறது. பெரிய எழுத்துத் தாளைப் பொறியில் பெருக்காமல் புதிதாக அச்சுக்கோத்துத் தர வேண்டும். வரியின் இறுதியில் சொல்லை உடைக்கக் கூடாது. ‘சென்றுகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்பது ஒரே சொல், 18 எழுத்து. இதனை இரண்டு வரிகளில் உடைத்துத் தந்துவிட்டு, ஆங்கிலத் தாளுக்குத் தந்த அதே அளவு கூடுதல் நேரம் போதும் என்று கருதுவதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது? கேட்டுப் பார்த்திருக்கிறேன், ஆங்கிலத்துக்கு அவ்வளவு என்பதே ஆதாரம்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்கலாம். தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குப் பெறும் வழி ஒன்று இருக்கிறதே என்றும் சொல்லலாம். விலக்கு சில பிள்ளைகளுக்குத் தேவை. அதை நாடும் பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஒரு தாயார் என்னிடம், ‘ஆங்கிலத்துக்கு எல்லா உதவியும் கிடைக்கிறது ஐயா, தமிழுக்கு என்ன கேட்பது என்றே தெரியவில்லை, எடுத்துவிடலாம் என்கிறார்கள்’ என்றார். அவர் மகன் பேச்சில் கெட்டிக்காரன். தாத்தாவோடு தமிழில் மணிக்கணக்கில் பேசுபவன். அவனுக்குத் தமிழ் வராது என்று எவரும் சோதித்து முடிவுசெய்யவில்லை. தமிழுக்குரிய ஏற்பாடு இன்னதென்று எவருக்கும் தெளிவில்லாததால், தெளிவாகத் தெரிந்த ஒரே ஏற்பாடாக விலக்கு நின்றது.

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுகளிலும் இத்தகைய மாணவர்க்கு எழுதித் தருபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. அங்கே மொழித்தாளிலிருந்து விலக்குப் பெற்ற பிள்ளை மாலையில் தெருவுக்கு வந்தால் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். இங்கே 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுபவர்கள் 2.5 விழுக்காட்டினர். பலருக்கு வகுப்பறையே தமிழ் வழங்கும் ஒரே இடம். அவ்விடத்திலிருந்து ஒரு பிள்ளையை வெளியே அனுப்பினால் அது தமிழ்த் தேர்விலிருந்து மட்டும் வெளியேறுவதில்லை. கட்டாயக் கல்விச் சட்டம் 2019 முதல் சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. பள்ளிக்குள் வந்துவிட்ட பிள்ளைக்குத் தமிழ் வகுப்பின் கதவு திறந்திருக்கிறதா என்பது தமிழர்களாகிய நாம் பார்த்துக்கொள்ள வேண்டியது. வேறெவரும் நமக்காகப் பார்க்கமாட்டார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். பட்டிமன்ற நடுவர்களுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. பயிற்சிபெற்ற வாசிப்பவர்களுக்கும் எழுதித் தருபவர்களுக்கும்தான் பஞ்சம். அவர்களை ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியே தேடாமல், பொதுவில் ஒரு குழுவாகப் பழக்கி வைத்திருக்கலாம். அந்தந்த மாணவரோடு தேர்வுக்கு முன்னரே நான்கைந்து முறை அமர்ந்திருந்தவராக அவர் இருக்க வேண்டும். ஒருவர் சொல்லும் வேகத்துக்கு மற்றவர் கை பழகுவதற்கு அவ்வளவு அமர்வுகள் ஆகும். வாசித்துக் காட்டுபவர் தம் ழகர ளகர ஒலிப்பை யாரிடமேனும் ஒருமுறை சோதித்துக்கொள்வதும் நல்லது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எழுதித் தருபவர்களுக்கான அறிவுறுத்தல் வரைவு ஒன்றை நான்கு பக்கங்களில் எழுதி, வாசலில் உள்ள மேசையில் படிகளாக வைத்திருக்கிறேன். நான் மேலே சொன்ன ஒலிப்பு வேறுபாடுகளின் பட்டியல் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் எல்லைக்கோட்டு வடிவங்களுக்கு எதிரே இடம் விட்டிருக்கிறேன். தமிழாசிரியர்கள் தங்கள் முடிவையும் காரணத்தையும் அதில் எழுதி, மன்ற அலுவலகத்தில் கொடுத்துவிட்டால் போதும். ‘நேத்து’ விவகாரத்தில் என்னோடு உடன்படாதவர்கள் முதலில் எழுதுங்கள். இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.